ஊர்க் கழகத்தின் கிண்ணமும் தொற்றுக் காலமும்: நிறுத்துவதா, சனமில்லாமல் ஆடுவதா, பெயர் எழுதி விடுவதா?

யாழ்ப்பாணத்து விளையாட்டுக் கழகம் ஒன்றின் யாப்பை எடுத்துப் பார்த்தால் சந்தா எவ்வளவு, நிர்வாகசபையில் எத்தனை பேர், ஒரு வீரர் இடையில் வேறு கழகத்துக்குப் போனால் என்ன செய்வது என்றெல்லாம் எழுதியிருக்கும். தொற்று பரவும் காலத்தில் சுற்றுப்போட்டியை என்ன செய்வது என்று ஒரு வரி இருப்பது அபூர்வம். 2020இல் அது இல்லாமல் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இன்றும் இல்லாமல் இருப்பது சோம்பல்தான். அடுத்து வருவது கொரோனாவாக இருக்க வேண்டும் என்றில்லை. மூச்சு வழியாகப் பரவும் எந்த நோய் வந்தாலும் பொதுக்கூட்டத்தில் நடக்கப் போவது ஒரே வாக்குவாதம்: நிறுத்துவோமா, ஆள் சேராமல் ஆடுவோமா, அளவோடு ஆளை விடுவோமா? அதை நோய் இல்லாத நாளில் ஆறுதலாக இருந்து பேசி முடித்துவிடலாம்.

சுகாதாரத்துக்கு எது சிறந்தது என்று மட்டும் கேட்டால் விடை உடனே வந்துவிடும்: ஆடாமல் இருப்பது. கழகம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். தான் போடும் விதியைத் தன்னால் காப்பாற்ற முடியுமா? இந்த ஒப்பீட்டில் என் அளவுகோல் அதுதான். எங்கள் மைதானங்களில் பலவற்றுக்கு மதில் இல்லை, வாயில் இல்லை, சம்பளத்துக்கு நிற்கும் காவலாளி இல்லை. இருப்பது ஒரு தலைவர், ஒரு செயலாளர், விசிலோடு ஒரு நடுவர், கூப்பிட்டால் வரும் நாலு பெடியள். இவர்களால் செய்ய முடியாத விதி கடதாசியில் எவ்வளவு கடுமையாக இருந்தும் பயனில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இதைச் சரியாகப் பிடிக்காமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது. 2020இல் இங்கிலாந்தின் றக்பி லீக் போட்டிகள் நான்கை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துப் பார்த்தார்கள். தொற்று இருப்பது தெரியாமலே எட்டு வீரர்கள் அந்தப் போட்டிகளில் ஆடியிருந்தார்கள். றக்பி என்றால் ஆளை ஆள் கட்டிப் பிடித்து விழுத்தும் ஆட்டம். களத்தில் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் 28 பேர். அவர்களில் பிறகு தொற்று உறுதியானது ஒருவருக்குத்தான். அந்தப் போட்டிகளில் ஆடிய வேறு சிலருக்கும் தொற்றியிருந்தது. எப்படி என்று தேடிப் போனால் அணிக்குள் ஏற்கெனவே இருந்த பரவல், ஒரே காரில் போய்வந்தது, வெளிப் பழக்கம் என்றுதான் தடம் போனது.

ஆதரவாளர் பக்கத்துக்கு ஸ்கொட்லாந்து நல்ல உதாரணம். 2021 நடுப்பகுதியில் ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டத்தை ஒட்டி அங்கே 1,991 தொற்றாளர்களை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை கணக்கெடுத்தது. அவர்களில் 1,294 பேர் லண்டனுக்குப் பயணம் போனவர்கள். வெம்பிளி அரங்குக்குள் இருந்து ஆட்டம் பார்த்தவர்கள் 397 பேர் மட்டுமே. மற்றவர்களில் நுழைவுச்சீட்டு இல்லாமலே போனவர்கள், மதுச்சாலையில் பார்த்தவர்கள், ஒருவர் வீட்டில் கூடியவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

இதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால் முதலில் கண்ணில் படுவது ஹயஸ் வான். வடமராட்சியிலிருந்து நகரத்துக்கோ, தீவகத்திலிருந்து வலிகாமத்துக்கோ ஆட வரும் அணி, ஆட்டக்காரரும் ஆதரவாளரும் மடியில் மடி ஏறி, ஏசி போட்டுக் கண்ணாடி பூட்டி வருகிறது. வென்றால் திரும்பும் வழியெல்லாம் பாட்டு. தோற்றால் வழியெல்லாம் சண்டை. இரண்டிலும் வாய் மூடுவதில்லை. அதற்குப் பக்கத்தில் திறந்தவெளியில், கடற்காற்றில் நடக்கும் ஒரு மணி நேர ஆட்டம் சின்ன ஆபத்து. அப்புறம் ஒரே தண்ணீர்ப் போத்தலில் பதினொரு வாய், இடைவேளையில் சுற்றி நின்று குடிக்கும் பிளேன்ரீ, வெற்றிக்குப் பிறகு யாரோ ஒருவர் வீட்டில் இரவுச் சாப்பாடு. விதிகள் முதலில் போய்ச் சேர வேண்டியது இந்த இடங்களுக்கு. முகக்கவசப் பேச்சு மைதானத்தின் எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டால் பாதி வேலை கூட நடக்கவில்லை என்று அர்த்தம்.

நோட்டீசின் அடியில் ஒரு வரி

"சுகாதார நடைமுறைகளைப் பேணி நடைபெறும்" என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு வழமைபோல் நடத்துவது. ஒரு வாளி, ஒரு சவர்க்காரக் கட்டி, முதல் அரை மணித்தியாலம் நெற்றிக்குக் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு ஒரு பெடியன், பிறகு அவனும் மட்ச் பார்க்கப் போய்விடுவான். முகக்கவசம் எல்லாருடைய நாடியிலும் இருக்கும். இதை ஒரு வழி என்றே நான் எண்ணுவதில்லை, ஆனால் அதிகம் பின்பற்றப்பட்டது இதுதான் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டத்தின் பார்வையிலும் இது பாதுகாப்பில்லை. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஒக்டோபரில் வந்த வர்த்தமானி, முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் கட்டாயமாக்கியது. மீறினால் 10,000 ரூபா வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. நோட்டீசில் அந்த வரியைப் போட்ட கழகம், தனக்கு விதி தெரியும் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரித்தான்.

முற்றாக நிறுத்துவது

சுத்தமான முடிவு, காப்பாற்றவும் சுலபம். பரவல் ஏறிக்கொண்டிருக்கும்போது, பரிசோதனையும் தடுப்பூசியும் வராத ஆரம்ப மாதங்களில், வேறு வழி பற்றிப் பேசுவதே பிழை. 2020 மார்ச் நடுப்பகுதியில் தள்ளிப் போடும்படி அரச தரப்பு கேட்டும் கொழும்பில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான ரோயல்-தோமியன் துடுப்பாட்ட மட்ச் மூன்று நாள் நடந்தது. அதைப் பார்க்கப் போயிருந்த ஒருவருக்குத் தொற்று இருந்தது பிறகு தெரிய வந்தது. மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு. 22இல் யாழ்ப்பாணத்தின் முதல் தொற்றாளர். ஒரு வாரம் எவ்வளவு பெரிய இடைவெளி என்பது அந்தத் திகதிகளிலேயே இருக்கிறது.

ஆனால் நிறுத்துவதற்கும் விலை உண்டு, அதைக் கொழும்பில் இருந்து பார்ப்பவர்களுக்கு விளங்காது. எங்கள் கிண்ணங்களில் பல ஞாபகார்த்தக் கிண்ணங்கள். இறந்துபோன ஒரு வீரர், ஒரு ஆசிரியர், ஒரு தகப்பனார் பெயரில் குடும்பம் ஆண்டுதோறும் காசு தந்து நடத்துவது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மகனுக்கு அது திவசத்துக்கு அடுத்தபடி. "இந்த வருடம் இல்லை" என்று தொலைபேசியில் சொல்வது செயலாளருக்கு எளிதான வேலை இல்லை. 2020 ஊரடங்கில் பல ஊர்களில் செய்ததுபோல, அந்தக் காசை உலர் உணவுப் பொதியாகவோ, இரத்ததான முகாமாகவோ அதே பெயரில் மாற்றலாம். பெரும்பாலான குடும்பங்கள் சந்தோஷமாகச் சம்மதிக்கும், ஆனால் முதலே கேட்க வேண்டும்.

இன்னொரு விலை, கழகம் நிறுத்தினால் ஆட்டம் நின்றுவிடும் என்ற நினைப்பு. அது நிற்பதில்லை. அறுவடை முடிந்த வயலில், பனங்காணியில் பெடியள் காசு கட்டிப் பெட் மட்ச் ஆடுவார்கள். அங்கே நடுவரும் இல்லை, பதிவுப் புத்தகமும் இல்லை, யாருக்காவது காய்ச்சல் வந்தால் யாரோடு ஆடினான் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்ல ஆளும் இல்லை. ஆகவே நிறுத்துவது ஓரிரு மாதத்துக்கு நல்ல வழி. ஓராண்டுக்கு இழுத்தால் ஆட்டம் கழகத்தின் கையை விட்டுப் போய்விடும்.

சனமில்லாமல் ஆடுவது

கேட்க மிக அழகான தீர்வு இது. ஜேர்மனியின் உதைபந்தாட்ட லீக்கான புண்டெஸ்லிகா 2020 மே 16இல் வெற்று அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 16 வரை முதலாவது லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டம் முழுவதும் அம்பாந்தோட்டையில், வீரர்களை வெளித்தொடர்பு இல்லாமல் வைத்து, ஒரு பார்வையாளரும் இல்லாமல் நடந்தது. ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் கிண்ணத்தைத் தூக்கியது. யாழ் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் அதில் அறிமுகமானதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இதைப் பார்த்துவிட்டுத்தான் "நாங்களும் அப்படிச் செய்யலாமே" என்று கூட்டத்தில் யாராவது எழும்புவார்கள்.

அங்கே ஹோட்டல் இருந்தது, நாள்தவறாத பரிசோதனை இருந்தது, வாயிலில் காவல் இருந்தது. எங்கள் மைதானத்துக்கு ஒரு பக்கம் ஒழுங்கை, ஒரு பக்கம் கோயில் வீதி, ஒரு பக்கம் சனசமூக நிலையம், மற்றது யாருடையவோ வளவு. "பார்வையாளருக்கு அனுமதி இல்லை" என்று பலகை போட்டால் சனம் மைதானத்துக்குள் வராது, சரி. ஒழுங்கையில் நிற்கும். மதிலில் ஏறும். மோட்டார் சைக்கிளை வரிசையாக விட்டு அதன்மேல் ஏறி நிற்கும். மைதானத்தைச் சுற்றிப் பரந்து நின்றிருக்கக்கூடிய இருநூறு பேர் பத்தடி ஒழுங்கையில் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். விதி காப்பாற்றப்பட்டிருக்கும், ஆபத்து கூடியிருக்கும். கேட்டால் "மைதானத்துக்குள் ஒருத்தரும் இல்லை" என்று நிர்வாகம் பதில் சொல்லும். ஒழுங்கையில் நிற்பவரைக் கலைக்கக் கழகத்துக்கு அதிகாரமும் இல்லை, அது பொலிசின் வேலை. பொலிசைத் தன் ஊர்ச் சனத்தின்மேல் கூப்பிடும் தலைவர் அடுத்த வருடம் தலைவராக இருக்க மாட்டார்.

2016இல் திருத்தித் திறக்கப்பட்ட யாழ் நகரத்துத் துரையப்பா விளையாட்டரங்கு போல வாயில் உள்ள இடத்தில் இந்த வழி சரிவரும். லீக் நடத்தும் போட்டிகளுக்கு, கடைசிச் சுற்றுகளுக்கு, அது பொருந்தும். ஊர்க் கழகத்தின் சுற்றுப்போட்டியை அங்கே கொண்டுபோனால் செலவும் கூடும், வானும் கூடும்.

ஒரு நல்ல விஷயத்தை மட்டும் இந்த வழியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: நேரலை. அது எங்களுக்குப் புதிதல்ல. புலம்பெயர்ந்த ஊரவருக்காக பேஸ்புக்கிலும் யூடியூபிலும் ஊர் மட்ச் போவது வழமை. பரிசுத் தொகையின் பெரும்பகுதி வரும் திசையும் அதுதானே. செய்ய வேண்டியது ஒன்றுதான். வர்ணனையாளர் போனுக்குள் மட்டும் பேசட்டும், ஒலிபெருக்கி வேண்டாம். அடுத்த ஊர்வரை கேட்கும் "இதோ உதைக்கிறார்!" என்ற குரல்தான் வீட்டில் இருப்பவனையும் சைக்கிளை எடுக்க வைக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத மைதானத்தில் கூட்டம் தானாகக் குறையும், இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பெயர் எழுதி, அளவோடு விடுவது

பரவல் தணிந்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அனுமதி தரும் கட்டத்தில் என் தெரிவு இது. ஆனால் இதை ஒரே நாள் சுற்றுப்போட்டியோடு சேர்த்தால் உருப்படாது. முதலில் போட்டியின் அமைப்பை மாற்ற வேண்டும்.

அணிக்கு 9 பேர் கொண்ட உதைபந்தாட்டத்தை எடுப்போம். 16 அணிகள், விலகல் முறை என்றால் 15 ஆட்டங்கள். வழமையாகச் சனி ஞாயிறில் முடித்துவிடுவோம். அணிக்கு 12 பேர் வந்தால் வீரர்களே 192 பேர், எல்லாரும் ஒரே மைதானத்தில், ஒரே வேப்பமர நிழலில், தங்கள் முறை வரும்வரை காலை தொடங்கிப் பின்னேரம்வரை. தோற்ற அணியும் வீட்டுக்குப் போகாது, வென்றவன் எங்கே தோற்கிறான் என்று பார்க்க நிற்கும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால் 16 ஊர்களின் பெயர்ப் பட்டியலை எழுத வேண்டும். அதையே நாளுக்கு ஓர் ஆட்டமாக, பின்னேரம் மட்டும் வைத்தால் மைதானத்தில் 24 வீரர்கள். தொற்று வந்தால் தேட வேண்டியது இரண்டு ஊர்களை. இடைவெளியும் சேர்த்தால் போட்டி ஏறத்தாழ நாலு கிழமை இழுக்கும், உண்மை. இழுக்கட்டும். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் நாலைந்து நாள் விட்டால், முந்திய ஆட்டத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா என்று பார்க்கவும் நேரம் கிடைக்கும். மின்னொளி ஆட்டமும் வேண்டாம். இரவு என்றால் கொத்து ரொட்டிக் கடையும் சேர்ந்து வரும்.

இப்படிச் சுருக்கிய பிறகு ஆதரவாளர் கணக்கு கைக்குள் வரும். ஒவ்வொரு அணிக்கும் 30 பேர் என்று வைப்போம். பெயர், தொலைபேசி எண் எழுதிய தாளை அணித் தலைவர் முதல் நாளே தர வேண்டும். மைதானத்தில் கோடு போடும் அதே சுண்ணாம்பால் எல்லைக்கு வெளியே இரண்டு மீற்றருக்கு ஒரு புள்ளி. ஒரு வீட்டுக்காரர் ஒரு புள்ளியில் சேர்ந்து நிற்கலாம். சட்டம் கேட்டது ஒரு மீற்றர்தான். ஆனால் கத்தும்போது வாயிலிருந்து வெளியேறும் துளிகள் சாதாரணப் பேச்சைவிட அதிகம், எங்கள் ஆதரவாளரோ சாதாரணமாகப் பேசிப் பழக்கம் இல்லாதவர்கள். இரண்டு ஊர்ச் சனமும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்க வேண்டும். அது சண்டைக்கும் நல்லது.

காவலாளி இல்லாத இடத்தில் இதை யார் காப்பாற்றுவது? கழகம் ஆதரவாளரோடு மல்லுக்கட்டக் கூடாது, அணியோடு கட்ட வேண்டும். பட்டியலில் இல்லாத சனம் கூடி நின்றாலோ, முகக்கவசம் கழற்றிக் கூட்டமாகக் கத்தினாலோ நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம். பத்து நிமிடத்தில் சரிவராவிட்டால் அந்த ஊர் அணி தோற்றதாக அறிவிக்கலாம். இதைப் போட்டி விதியில் முதலே எழுதி, அணித் தலைவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். நடுவர் சொல்லிக் கேட்காத சனம் சொந்த அணியின் பெடியன் சொன்னால் கேட்கும். ஒவ்வொரு ஊரிலும் கூச்சலைத் தொடக்கிவைக்கும் அண்ணை ஒருவர் இருப்பார். கொடியும் அவரிடம்தான், பறையும் அவரிடம்தான். பட்டியலில் முதல் பெயராக அவரை எழுதிப் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். குழப்படிகாரனை வகுப்புத் தலைவனாக்கும் வாத்தியாரின் வேலைதான் இது.

இந்த வழியின் பலவீனம் தெரிந்ததுதான். 30 என்பது 50 ஆகும். பட்டியலில் கிராம சேவையாளரின் பெயரும் பிரதேச சபை உறுப்பினரின் பெயரும் "சிறப்பு விருந்தினர்" என்று தனியாக நுழையும், அவர்களோடு இன்னும் பத்துப் பேர். பரிசளிப்பு மேடையை முற்றாக விட்டுவிடுவது நல்லது. பொன்னாடையும் மாலையும் கைகுலுக்கலும் இல்லாமல் உதைபந்து உருளும்.

கழகத்துக்குள் மட்டும்

சுற்றுப்போட்டி இல்லை, வெளி அணி இல்லை, ஊர்ப் பெடியளே இரண்டாகப் பிரிந்து ஆடுவது. முற்றாக நிறுத்துவதற்கும் பெயர் எழுதி விடுவதற்கும் நடுவில் இருக்கும் வாரங்களுக்கு இது பொருத்தம். வான் இல்லை என்பதே பாதிச் சுகாதாரம். ஒரே ஆறேழு பேர் ஒரே குழுவாகப் பயிற்சி செய்தால் இன்னும் நல்லது. பார்க்க ஆள் வராது, ஏனென்றால் யார் வென்றாலும் யாருக்கும் கவலை இல்லை.

எந்த ஆட்டம் என்பதும் கணக்கில் வரும். கரப்பந்தாட்டத்தில் அணிகளுக்கு நடுவே வலை இருக்கிறது, ஆனால் பந்து எல்லார் கையிலும் படும். துடுப்பாட்டத்தில் ஆட்கள் தூரத் தூர நிற்பார்கள். பந்தில் எச்சில் பூசுவதை 2020 யூனில் தடைசெய்த சர்வதேச கிரிக்கெட் பேரவை, 2022இல் அதை நிரந்தரமாக்கியது. கபடியைத்தான் கடைசியாகத் தொடங்க வேண்டும். எதிராளியின் முகத்துக்கு முன்னால் போய் மூச்சு விடாமல் சத்தமாகப் பாட வேண்டும் என்பதே அந்த ஆட்டத்தின் விதி. அதற்கு முகக்கவசம் போட்டு ஆடச் சொல்வது பகிடி.

நாட்கூலி வீரர்

எந்த வழியை எடுத்தாலும் ஒரு விஷயத்தை யாரும் கூட்டத்தில் எழுப்புவதில்லை. எங்கள் அணிகளில் இருப்பவர்கள் கடற்றொழிலாளர், மேசன்மார், ஓட்டோ ஓடுபவர்கள். 2020இல் ஒருவருக்குத் தொற்று வந்தால் அவரோடு பழகியவர்கள் 14 நாள் வீட்டோடு. அரச உத்தியோகத்தனுக்கு அது லீவு, நாட்கூலிக்காரனுக்கு அடுப்பு எரியாத இரண்டு கிழமை. 2020 டிசம்பரில் மருதனார்மடம் சந்தையிலிருந்து பலருக்குத் தொற்றிய கொத்தணி வந்தபோது இதை வலிகாமம் முழுக்கப் பார்த்தது. இதனால்தான் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஆட வருகிறார்கள். அறிவுரை சொல்லி இதை மாற்ற முடியாது, காசால் மாற்றலாம். பரிசுத் தொகையில் ஒரு பங்கை முதலே ஒதுக்கி, தனிமைப்படுத்தப்படும் வீரரின் வீட்டுக்குப் பொதி போகும் என்று அறிவித்துவிட்டால் உண்மை தானாக வெளியே வரும். முதலாம் பரிசு ஒரு லட்சத்திலிருந்து எழுபதாயிரமாகக் குறைந்தால் அணிகள் வராமல் விடப் போவதில்லை. வீட்டில் வயதான தாய் தகப்பன் இருப்பதால் ஆட வரமாட்டேன் என்று சொல்பவருக்கு அணியில் இடம் போகாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆகவே யாப்பில் எழுத நான் சொல்லும் ஒழுங்கு இது: பரவல் ஏறும்போது முற்றாக நிறுத்தம், இறங்கத் தொடங்கியதும் கழகத்துக்குள் மட்டும், பணிமனை அனுமதி வந்த பிறகு நாளுக்கு ஓர் ஆட்டமும் பெயர்ப் பட்டியலும். சனமில்லாத ஆட்டத்தை வாயில் உள்ள அரங்குக்கு விட்டுவிடலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது நிர்வாகசபையாக இருக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வாய்ச்சொல்லும் போதாது, எழுத்தில் வாங்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அனுசரணையாளர் எந்த நாட்டிலிருந்து போன் எடுத்தாலும்.

மிஞ்சுவது இறுதிப் போட்டி. மற்ற 14 ஆட்டங்களிலும் பட்டியல் நிற்கும், அன்றைக்கு மட்டும் நிற்காது. இரண்டு ஊரும் திரண்டு வரும், அண்ணையும் கைவிட்டுவிடுவார். வேலை நாளில் காலையில் வைக்கலாம் என்பார்கள். ஊரே அன்று வேலைக்குப் போகாது. எனக்குத் தெரிந்தவரை ஒழுங்கான வழி, இறுதிப் போட்டியை மட்டும் நோய் ஓய்ந்த பிறகு ஒரு நாளுக்கு ஒத்திவைத்து, அதுவரை கிண்ணத்தை இரண்டு அணிகளும் மாதம் மாறி மாதம் தங்கள் கழகத்தில் வைத்திருப்பது. ஞாபகார்த்தக் குடும்பத்திடம் அதற்கான சம்மதத்தையும் முதலே வாங்கி, நோட்டீசில் பெரிய எழுத்தில் போட்டுவிட வேண்டும்.